லின்ட் பாஸ், இனிஷியல் ஃபெயில்

மென்பொருள் எழுதுகிறவர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. வரியை உள்ளே தள்ள டேப் அடிப்பதா, ஸ்பேஸ் அடிப்பதா? ஜாவாஸ்கிரிப்ட் வரி முடிவில் செமிகோலன் வேண்டுமா, வேண்டாமா? திருப்போரூரில் ஏறி சிறுசேரி சிப்காட் வரை பஸ்ஸில் போனால், பின் சீட்டில் இந்தச் சண்டையைக் காது குளிரக் கேட்கலாம்.

பி.காம் படிக்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிரல் எழுதுவது அவர்கள் என்றாலும், அந்தப் படிவங்களை நிரப்புவது நாம்தானே! அந்த உரிமையில் சொல்கிறேன். ஃபிரண்ட் எண்டுக்கு, அதாவது நம் கண்ணில் படுகிற பகுதிக்கு, எழுதி வைக்கும் தர விதிகள் பெரும்பாலும் நிரல் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் பேசுகின்றன. நிரப்புகிறவர் கதி என்ன என்பதைப் பேசுவது குறைவு.

நிரலின் நடை முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. பத்துப் பேர் ஒரே பேரேட்டில் பத்து விதமாக எழுதினால் பதினோராவது ஆள் திண்டாடுவார். அதற்காகத்தான் டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2002ல் ஜே.எஸ்.லின்ட்டையும், நிக்கலஸ் ஜக்காஸ் 2013ல் ஈ.எஸ்.லின்ட்டையும் கொண்டுவந்தார்கள். 2017ல் வந்த பிரிட்டியர், நீங்கள் எப்படி எழுதினாலும் தானே ஒரே மாதிரி அடுக்கிக் கொடுத்துவிடும். 2023ல் ஈ.எஸ்.லின்ட்டே இடைவெளி, செமிகோலன் போன்ற விதிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆக, அந்தச் சண்டையை இயந்திரம் முடித்து வைத்தாயிற்று.

பிரச்சினை, லின்ட் பாஸ் ஆனதும் "தரம் ஓகே" என்று நினைத்துக்கொள்வதில் இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புரியும். இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக வந்தால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு விற்பனையைப் பதியாமலே விட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரும். இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் அப்படியே. அவை விடுபிழை, விதிப்பிழை. அவற்றைக் கண்டுபிடிக்க ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லின்ட்டும் ஓர் இருப்பாய்வுதான்.

நம் ஊர் விதிப்பிழைக்கு முதல் உதாரணம், பெயர். 'சர்நேம் கட்டாயம்' என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தைப் பார்க்காத தமிழர் உண்டா? ஏ.பி.ஜே. அப்துல் கலாமுக்கு எது சர்நேம்? நம்மில் பலருக்கு அப்படி ஒன்று கிடையாது. இனிஷியலைப் போடலாம் என்றால், 'குறைந்தது இரண்டு எழுத்து' என்று திட்டு விழும். வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போடுவோம். பல ஆண்டுகள் புழங்கிய பான் அட்டையின் 49ஏ படிவத்தில், முன்னெழுத்து கூடாது, விரித்து எழுதவும் என்று குறிப்பே இருந்தது. ஆதாரில் பெயர் ஒரே வரி. அங்கே முன்னெழுத்து, இங்கே அப்பா பெயர். பிறகு இரண்டையும் இணைக்கும்போது 'பெயர் பொருந்தவில்லை'!

தமிழில் எழுதினால் இன்னொரு வேடிக்கை. அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் சொன்னது. நல்லது. இனிஷியல்தானே, ஓர் எழுத்து போதும் என்று ஒருவர் அந்தக் கட்டத்தின் அதிகபட்ச நீளத்தை 1 என்று வைக்கிறார் என்று கொள்வோம். நமக்கு 'மு' ஓர் எழுத்து. யூனிகோடில் அது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. எச்.டி.எம்.எல் அந்தக் கணக்கில்தான் எண்ணும். மு.வரதராசன் அங்கே ம.வரதராசன் ஆகிவிடுவார். லின்ட் வாயே திறக்காது. தீர்வும் பெரிதல்ல. எழுத்தை மனிதர் போல எண்ணும் 'இன்டல் செக்மென்டர்' ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்த்தபின் எல்லா முக்கிய உலாவிகளிலும் உண்டு.

இனிஷியல் போனால் அலைச்சலோடு போயிற்று. பார்வையற்றவருக்கோ கதவே மூடிவிடும். கட்டத்துக்கு லேபிள் இல்லையென்றால், அங்கே என்ன எழுதுவது என்று திரைவாசிப்பான் சொல்லாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று ஒரு சின்னக் குறிப்பு இல்லையென்றால், எந்தக் குரலில் படிப்பது என்று அதற்குத் தெரியாது. வெப்எய்ம் என்ற அமைப்பு 2025ல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, சுமார் 95 சதவீதத்தில் இத்தகைய அணுகல் பிழை ஒன்றாவது இருந்தது. இத்தனைக்கும் அவை இயந்திரமே கண்டுபிடித்த பிழைகள் மட்டும்.

விதி இல்லாமலும் இல்லை. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009லேயே வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கே.ஒய்.சி முறையால், ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் வங்கிக் கணக்குக்கே திண்டாடினார்கள் என்பதுதான் வழக்கு. நிரலில் செமிகோலன் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

"படிவத்தில் என்ன கேட்பது என்று வாடிக்கையாளர் முடிவு செய்கிறார், நாங்கள் என்ன செய்ய?" என்பார்கள். பாதி நியாயம். சர்நேம் வேண்டும் என்று கேட்டது வேறு யாராகவும் இருக்கலாம். ஆனால் லேபிள், மொழிக் குறிப்பு, எழுத்து எண்ணிக்கை மூன்றும் நிரலாளர் கையில்தான். சர்நேம் விஷயத்திலும், தணிக்கையாளர் கணக்கு எழுதியவரிடம் கேள்வி கேட்பது போல, "இந்தக் கட்டம் கட்டாயமா?" என்று ஒரு மின்னஞ்சல் போடலாமே.

என் யோசனை எளிது. ஒவ்வொரு குழுவின் தர விதிகளிலும் நான்கு வரி சேருங்கள். சர்நேம் கட்டாயமில்லை. தமிழ் எழுத்தைத் தமிழாக எண்ணு. லேபிளும் மொழிக் குறிப்பும் இல்லாமல் பக்கம் வெளியே போகாது. வெளியிடும் முன் மவுஸைத் தொடாமல், திரைவாசிப்பானோடு ஒருவர் முழுப் படிவத்தையும் நிரப்பிப் பார்க்க வேண்டும். இதில் மூன்றாவதை இயந்திரமே சோதிக்கும். மற்றவற்றுக்கு ஒரு மனிதரின் அரை நாள் போதும். டேப்பா ஸ்பேஸா என்று பேசிக் கழியும் நேரத்தை விட அது குறைவாகத்தான் இருக்கும் :-)