முதலில் அறிவது மூக்கு



சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். ஊரை இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். காலையில் குழாயைத் திறந்ததும் முதல் செம்புத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோக மாட்டார், மூக்குக்குக் கொண்டுபோவார். "ஆத்துல என்ன வந்துச்சோ, யாருக்குத் தெரியும் தம்பி" என்பார். 2020 செப்டம்பருக்குப் பிறகு வந்த பழக்கம்.

அந்த மாதம் 3-ஆம் தேதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. கோங் போய்ச் செம்பாவில் விழும், செம்பா சுங்கை சிலாங்கூரில் விழும். ஆற்றோரம் இருக்கும் மூன்று சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் ஒரே நாளில் நின்றன. ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் இல்லை. அதுவோ கோவிட் காலம். கையைக் கழுவுங்கள், கழுவுங்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. கழுவத்தான் தண்ணீர் இல்லை. எங்கள் வரிசையில் தண்ணீர் லோரி வந்து நின்றபோது, வாளி நிறைந்து குழாயை மூடிய பிறகும் முனையில் சொட்டியதை ஒரு அம்மா காலி பால்டின்னில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த டின் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பெரியவரின் பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே வேலை நடக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் வாடையற்ற நீரைக் கலந்து கலந்து முகர்ந்து பார்ப்பார்கள். எத்தனை மடங்கு கலந்தபின் வாடை மறைகிறது என்பதே கணக்கு. எத்தனையோ கருவிகள் வந்துவிட்ட பிறகும் இந்தச் சோதனைக்கு மனித மூக்குதான்.

அந்த மூக்கை நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலமசூ ஆறு சாட்சி. 2010 ஜூலை 25 மாலை, மிச்சிகன் மாநிலத்தில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. அன்றிரவே அக்கம்பக்கத்தார் அவசர எண்ணை அழைத்து, ஏதோ நாறுகிறது என்றார்கள். தீயணைப்பு வண்டி வந்து தேடிவிட்டுத் திரும்பியது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழாய்க்குள் எண்ணெய் அறுபட்டு வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று நினைத்து, நிறுத்திய பம்பை இரண்டு முறை மறுபடி ஓட்டினார்கள். 17 மணி நேரம்! மறுநாள் காலை, வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் குழாயை அடைத்தார்கள்.

அது கெட்டியான எண்ணெய். மேலே மிதந்திருந்தால் மிதவைத் தடுப்புப் போட்டு வளைத்து உறிஞ்சியிருக்கலாம். அதில் கலந்திருந்த லேசான பங்கு ஆவியாகிப் போனதும் மிச்சம் கனத்து, ஆற்றின் அடிமண்ணில் போய்ப் படிந்தது. மண்ணைக் கிளறி, தோண்டி அள்ளும் வேலை 2014 வரை இழுத்தது. செலவு 100 கோடி டாலருக்கும் மேல். நம் இனத்தார் எண்ணெய் அள்ளும் வேலையைப் பெரிய கருவிகள் இல்லாமல் செய்ததையும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னை மணலி ஆலையின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியபோது, எண்ணூர் மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள்.

நம் ஆற்றில் இப்படி ஒன்று படிந்தால் எங்கே படியும்? சுங்கை சிலாங்கூர் கரையில் கம்போங் குவாந்தானில் இரவு படகேறியவர்களுக்குத் தெரியும், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். அவற்றின் குஞ்சுப் புழுக்கள் மரத்தில் வாழ்வதில்லை. கரையோரத்து ஈரச் சேற்றில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறி வந்து நனைக்கும் சேறு அது. எண்ணெய் வந்தால் ஏறி உட்காரும் இடமும் அதுவே. குழாயில் தண்ணீர் வந்ததும் நகரத்துக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தச் சேற்றுக்குத் தீராது என்பதுதான் என் கவலை.

2020-க்குப் பிறகு மாநிலச் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். நல்லது, வேண்டியதுதான். ஆனால் கழிவு ஆற்றில் கலந்த பிறகு வருகிற அபராதம் அது. கால்வாயில் இருக்கும்போதே பிடித்தால் ஒரு தடுப்பு, கொஞ்சம் உறிஞ்சு துணி, ஒரு பம்பு போதும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ரவாங் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தம்பிமார்களே, இஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பின்பக்கக் கால்வாயில் ஊற்றாதீர்கள். டிரம்மில் சேர்த்து, அதற்கென்று உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்துக் கால்வாயில் வானவில்போல் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, தின்னர் வாடை அடித்தாலோ, முதலில் சுற்றுச்சூழல் துறைக்கோ, சிலாங்கூர் நீர் மேலாண்மை வாரியமான லுவாஸ் அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். பிறகு எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். எந்தப் பாலத்துக்கு மேலே, என்ன தேதி, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்