ஹேரும் ஷேரும்



போன வாரம் ஆங்கில வகுப்பில் முயல் ஆமை கதையைச் சொல்லச் சொன்னார்கள். நான் "ரேபிட்" என்று ஆரம்பித்தேன். "ரேபிட் இல்லம்மா, ஹேர்" என்று டீச்சர் திருத்தினார்கள். தமிழில் ரெண்டுமே முயல்தானே என்று நினைத்துக்கொண்டே போர்டில் எழுதினேன். பயத்தில் ஹேருக்கு முன்னால் ஒரு 'எஸ்' சேர்ந்துவிட்டது. அது 'ஷேர்' ஆகிவிட்டது! வகுப்பே சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. "நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராதுடி" என்று என் தோழி ஆறுதல் சொன்னாள் பாருங்கள், அதுதான் ரொம்ப வலித்தது.

மதியம் டீச்சரிடம் கேட்டு, அலமாரியில் இருந்த பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. "அதுதான் அந்தச் சொல் பிறந்த கதை" என்றார்கள் டீச்சர். அன்று படித்ததையும் அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சுமார் 450 முதல் 1100 வரை இங்கிலாந்தில் பேசியதைப் பழைய ஆங்கிலம் என்கிறார்கள். அதில் ஹேருக்கு 'ஹரா' என்று பெயர். சாம்பல் நிறத்தைக் குறித்த ஒரு பழைய சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. ஆனால் ரேபிட்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் பெயரே கிடையாது! 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த முயலை அங்கே கொண்டுவந்து வளர்த்தார்கள். இல்லாத பிராணிக்கு யார் பெயர் வைப்பார்கள்?

ரெண்டும் வேறு வேறு பிராணிதான். ஹேர் வளை தோண்டாது, புல்லுக்குள் சின்னப் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி முடியோடு, கண் திறந்தே பிறக்கும். ரேபிட் குட்டி வளைக்குள் முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம்ம ஊர்க் காட்டில் ஓடுவது ஹேர். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ரேபிட். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஒரு ஆங்கிலப் பாட்டில் ஹேருக்கு 77 பெயர்கள் இருக்கின்றன. எதிரில் ஹேரைப் பார்த்த வேட்டைக்காரன் அத்தனையையும் சொல்ல வேண்டுமாம். நான் ஒன்றைச் சொல்லவே தடுமாறினேன்!

இப்போது ஷேருக்கு வருகிறேன். எழுத்தில் ஹேர் உள்ளே இருந்தாலும் ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஷேரின் பழைய வடிவம் ஏறக்குறைய 'ஷெயாரு'. அதற்கு வெட்டுதல், கத்தரித்தல், வெட்டிய துண்டு என்று பொருள். ஆட்டு ரோமம் கத்தரிப்பதை 'ஷியர்' என்பதும், கலப்பையின் கொழுவை 'ப்ளோஷேர்' என்பதும் இதே வேர்தான். கொழு மண்ணை வெட்டுகிறது இல்லையா? குட்டையைக் குறிக்கும் 'ஷார்ட்', நாம் போடும் 'ஷர்ட்' எல்லாமே இந்தக் குடும்பம்தான். தமிழில் 'பகு' என்ற வேரிலிருந்து பகுதியும் பகிர்வும் வந்த மாதிரி.

ஷேர் முதலில் 'பங்கு' என்ற பெயர்ச்சொல்லாகத்தான் இருந்தது. பங்கிடுவதற்குப் பழைய ஆங்கிலத்தில் வேறு வினைச்சொல் இருந்தது, அதுதான் இன்றைய 'டீல்'. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஷேரும் வினைச்சொல்லானது. முதலில் 'இது உன் துண்டு, இது என் துண்டு' என்று வெட்டிப் பிரிப்பது. இன்றோ ஒரே வண்டியில் பல பேர் போனால் ஷேர் ஆட்டோ. போனில் ஒரு படத்தை ஷேர் பண்ணினால் நம்மிடமும் இருக்கும், அவர்களிடமும் இருக்கும். வெட்டுவதில் பிறந்த சொல் சேர்ந்து வைத்துக்கொள்வதில் வந்து நிற்கிறது.

என் கருத்து இதுதான். நாம் ஸ்பெல்லிங்கை மட்டும் பத்துத் தடவை எழுதிப் படிக்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அதன் கதையைத் தெரிந்துகொண்டால் மறக்காது. பயமும் போய்விடும். அந்தச் சொற்களை முதலில் பேசியவர்களும் ஏர் ஓட்டியவர்கள், ஆடு வளர்த்தவர்கள்தான். அப்படி இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் வராது? 'நமக்கு வராது' என்று சொல்லும்போது நம்ம பங்கை நாமே வெட்டிப் போடுகிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அகராதியை மதிய இடைவேளையில் மட்டும் மேஜை மேல் வைத்தால் போதும். கிழியாமல் அட்டை போட்டுப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. தினமும் ஒரு சொல்லையும் அதன் கதையையும் கரும்பலகை ஓரத்தில் எழுத நான் தயார். ரொட்டியை வெட்டிக் கொடுத்தால் நம் துண்டு சிறுக்கும். சொல்லைக் கொடுத்தால் சிறுக்காது.

தோழியே, நாளைக்கு நீயும் வா. முதல் சொல்லை நீதான் தேட வேண்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி