மெதுவாக ஓடும் பாடம்

இணையக் காணொளிகளைக் கொண்டே ஜாஸ் பியானோ பயிலும் பிள்ளைகள் இன்று உளர். ஆசிரியர் அருகிலின்றிக் கலை கைவருமோ எனப் பெற்றோர் ஐயுறுவது இயல்பே. ஆயினும் இம்முறை முற்றிலும் புதிதன்று. ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921-இல் துளைத்தாள் சுருளில் பதித்த ‘கரோலினா ஷவுட்’ என்னும் இசையைத் தானியங்கிப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டு, தாமே அமிழும் கட்டைகளின்மேல் விரல் வைத்துக் கற்றவர் டியூக் எலிங்டன்!

காணொளியையும் அவ்வாறே வேகம் குறைத்து ஓட்டலாம். ஜாஸில் அடிக்கடி வரும் சுரக்கூட்டு வரிசை ஒன்றைப் பாருங்கள்: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். இடக்கைக்கு இரு சுரங்களே போதும். முதலில் எஃப், சி. பின்னர் சி மட்டும் பி-க்கு இறங்க, இரண்டாம் கூட்டு பிறக்கும். அடுத்து எஃப் மட்டும் ஈ-க்கு இறங்க, மூன்றாவது. எத்துணை எளிது! ஆனால் இதனையே 12 சுருதிகளிலும் தடுமாறாது வாசிக்க மாதங்கள் செல்லும். பலர் இவ்விடத்தில் சலித்து, அடுத்த காணொளிக்குத் தாவிவிடுகின்றனர்.

காணொளி பேசும், நம் வாசிப்பைக் கேளாது. ஆகவே வாரந்தோறும் வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து, தாளம் எங்கே விரைகிறதெனப் பிள்ளையே கேட்டறியட்டும். வீட்டார் ஒருவர் உடனமர்ந்து கேட்பின் இன்னும் நன்று.