எங்கள் ஊர்ச் சாக்குப்பை

ஆந்திர எல்லையோரம் இருக்கிற எங்கள் எளாவூரில் பூனை வராத வீடு குறைவு. ‘இது எங்கள் பூனை’ என்று சொல்கிற வீடு அதைவிடக் குறைவு. எலி பிடிக்கிறவரை நம் வீட்டுப் பூனை. குட்டி போட்டால் பக்கத்து வீட்டுப் பூனை. வெயிலில் காயப்போட்ட கருவாட்டை இழுத்துக்கொண்டு ஓடினால் அது யாருடைய பூனையும் இல்லை. இத்தனை வருஷமாக இப்படித்தான் பூனை வளர்த்திருக்கிறோம்.

இந்த வழக்கம் எங்களுக்கே உறுத்தத் தொடங்கியது, எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சென்னைக் காப்பகத்திலிருந்து ஒரு பூனை வந்த பிறகுதான். கல்லூரிக்குப் போகிற பெண் தத்தெடுத்துக் கொண்டுவந்தாள். “ஊரெல்லாம் பூனையா திரியுது, இதுக்குன்னு மெட்ராஸ் வரைக்கும் போவாங்களா?” என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. காப்பகத்தில் ஆதார் நகல் கேட்டார்கள், சொந்த வீடா வாடகை வீடா என்று விசாரித்தார்கள், ஜன்னலுக்கு வலை அடித்து போட்டோ அனுப்பச் சொன்னார்கள் என்று அவள் அம்மா சொன்னபோது, “பொண்ணு குடுக்கறவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க” என்று சிரித்தோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “அங்க இருக்கிற பூனையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

எங்கிருந்து வந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தாய்ப்பூனை இரை தேடப் போன நேரம் பார்த்து, கண் திறந்தும் திறக்காத குட்டிகளைச் சாக்கில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, வண்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்பாத குடும்பம் எங்கள் ஊரில் எத்தனை? தண்ணீரைத் தாண்டி விட்டால் திரும்பி வராது என்பது பெரியவர்கள் சொன்னது. அதனால் சுண்ணாம்புக்குளம் பக்கம் கழிவெளியைத் தாண்டிப் போய் விட்டிருக்கிறோம். மீன் இறங்குகிற இடத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும், அது ஒருவகையில் புண்ணியம் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்ட சாஸ்திரம். கொஞ்சம் பெட்ரோல் செலவழிக்கத் தயாராக இருந்தவர்கள் ஆரம்பாக்கம் தாண்டித் தடாவில் விட்டுவிட்டு வந்தார்கள். அங்கே விட்டால் அது ஆந்திரப் பூனை.

வண்டியோட்டிகளுக்கு எங்கள் ஊர் என்றாலே சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். எல்லை தாண்டி வருகிற வண்டிகளில் கஞ்சா இருக்கிறதா, செம்மரம் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். எங்கள் சாக்கை இதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. வளர்த்த பிராணியை அநாதையாக விடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் தடா போய்த் திரும்பலாம். அபராதமும் போக்குவரத்துச் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பூனைமேல் எங்களுக்கு இரக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கண்டெய்னரில் ஒரு பூனை இருந்தது. கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு எழுந்தது. பூனையால் அந்த நோய் பரவாது, அனுப்பாதீர்கள் என்று விலங்கு உரிமை அமைப்பான பீட்டா கேட்டது. பேப்பரில் படித்துவிட்டு டீக்கடையில் நாங்களும் “ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்” என்றோம். அந்த வருஷமும் மழைக்காலத்தில் சாக்குகள் வழக்கம்போலப் போயின.

பழி போட எங்களுக்கு ஆளும் கிடைத்துவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கும் பீகார், ஒடிசாப் பையன்கள் சோறு வைத்துப் பழக்குகிறார்கள், காண்டிராக்ட் முடிந்ததும் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்கள், அதனால்தான் பூனை பெருகிவிட்டது என்று பேசிக்கொள்கிறோம். அவர்களாவது இருந்தவரை சோறு வைத்தார்கள்.

காப்பகத்திலிருந்து வந்த பூனையைப் பார்க்க ஆளாளுக்குப் போனோம். பூனை பீரோவுக்கு அடியில் இருந்தது. வெளியே வரவே இல்லை. ஒரே அறையில் விடுங்கள், மணல் தட்டை ஒரு மூலையிலும் சாப்பாட்டையும் தண்ணீரையும் எதிர்மூலையிலும் வையுங்கள், இழுக்காதீர்கள், தானாக வரட்டும் என்று காப்பகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் இடம் என்று தோன்ற மூன்று மாதம் என்று அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எங்களுக்கு மூன்று நிமிஷத்துக்குப் பொறுமையில்லை. ஒருவர் விளக்குமாற்றின் காம்பை உள்ளே விட்டார். இன்னொருவர் கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்தார்.

பாலைக் கொடுக்க வேண்டாம் என்று அந்தப் பெண் எடுத்துவிட்டதில் எங்களில் சிலருக்கு மனத்தாங்கல்கூட. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது என்றாள் அவள். பால் குடித்த பூனைக்கு வயிறு போவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள் நாங்கள். “பூனைன்னா அப்படித்தான்” என்று சாம்பலைப் போட்டு அள்ளினோமே தவிர, பாலை நிறுத்தவில்லை. மீன், கறியிலிருந்து கிடைக்கிற டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும் என்பதும் தெரியாது. தயிர்சோற்றின் மிச்சத்தை வைத்துவிட்டு, வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். இதையெல்லாம்விடக் கனமான ஒன்று உண்டு. உடம்பு சூடாகப் படுத்துக் கிடந்த பூனைக்கு, வீட்டுக் குழந்தைக்கு வாங்கிய பாராசிட்டமாலில் பாதியை உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுத்திருக்கிறோம். நல்லெண்ணம்தான். பூனையின் உடம்பால் அந்த மருந்தை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும் என்று இப்போது சொல்கிறார்கள். மறுநாள் விறைத்துக் கிடந்ததை, “ஏதோ பூச்சி கடிச்சிருக்கு” என்று எருக்குழிப் பக்கம் புதைத்தவர்கள் நாங்கள்தான்.

பூனையின் இடது காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. நாய் கடித்ததாக நினைத்தோம். கருத்தடை செய்ததற்கு அடையாளமாம். பூனைக்கு நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், இரண்டு மாதத்தில் குட்டி. வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. இந்தக் கணக்கு எங்களுக்கு நன்றாகவே தெரியும், சாக்கு தேடியவர்கள் ஆயிற்றே. நிறுத்த வழி உண்டா என்று மட்டும் கேட்டதில்லை. தெருநாய்களுக்கான கருத்தடைத் திட்டத்தைச் சென்னையில் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964இலேயே தொடங்கிவிட்டது. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903இல். அதன் ஆஸ்பத்திரி சென்ட்ரலிலிருந்து கூப்பிடு தூரம். எளாவூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். பாரிமுனைக்கும் கொத்தவால்சாவடிக்கும் அந்த ரயிலில் போகாத வீடு உண்டா? மாட்டுக்கு ஒன்றென்றால் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிறோம். பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிப் போனவர் என்று ஒருவரைச் சொல்ல முடியவில்லை.

பூனை பிறாண்டிவிட்டால் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். தேதி தவறாமல் போட்டுக்கொண்டோம். அதே பூனைக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி போதும் என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த வீட்டுப் பூனை இப்போது பீரோவை விட்டு வெளியே வந்து, பகலில் மிக்ஸி மேல் படுத்துக்கொள்கிறது. ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப்பூனை சினையாகத் திரிகிறது. குட்டி போட்டு, அவை பால் மறந்ததும் தாயை வேப்பேரிக்குத் தூக்கிப் போகலாம், செலவைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் நாலு வீட்டில் கேட்டிருக்கிறாள். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். மூன்றாவது வீட்டில் பார்க்கலாம் என்றார்கள். நாலாவது வீட்டுக்காரர், “எதுக்கும்மா இவ்ளோ செலவு, எங்ககிட்ட சாக்கு இருக்கு” என்றார். அப்போது அங்கே ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தோம். யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை.