கல்லுக்குப் பெயர் தந்த கவிதை

பாரசீகப் பயணம் பற்றி நாம் வாசிக்க நேரும் கட்டுரைகள் பெரும்பாலும் பெர்செபோலிஸின் தூண்களில் தொடங்கி இஸ்ஃபஹானின் நீல ஓடுகளில் முடிந்துவிடுகின்றன. இடையில் அலெக்சாந்தர் வைத்த தீ, கம்பள விலை, குங்குமப்பூ. இவை பொய்யான செய்திகள் அல்ல. ஆனால் இந்த வரிசையில் ஈரானைக் காண்பவர் அந்நாட்டின் உடலைப் பார்த்துவிட்டுக் குரலைக் கேட்காமலே திரும்பிவிடுகிறார். இலக்கிய வாசகர் ஒருவர் அங்கே செல்வதானால் கவிஞர்களின் கல்லறைகளிலிருந்து தொடங்கவேண்டும், அரசர்களின் மண்டபங்களுக்கு அதன் பிறகே போகவேண்டும் என்பது என் கருத்து.

இதை வெறும் இலக்கியப் பற்றால் சொல்லவில்லை. ஷிராஸ் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெர்செபோலிஸை ஈரானியர் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. அது கிரேக்கர் இட்ட பெயர். ஈரானியருக்கு அது 'தக்த்-எ-ஜம்ஷித்', அதாவது ஜம்ஷிதின் அரியணை. ஜம்ஷித் வரலாற்று மன்னன் அல்லன். ஃபிர்தௌஸியின் 'ஷாநாமா'வில் வரும் புராண மன்னன். கி.மு. 518 அளவில் முதலாம் தாரியஸ் தொடங்கிய நகரம் அது. கி.மு. 330இல் எரிந்துபோனபின், அதைக் கட்டியவர்களின் பெயர் மக்களின் நினைவிலிருந்து மெல்ல நழுவியது. சுவரிலிருந்த ஆப்பெழுத்தைப் படிக்க எவருமில்லை. 1802இல் க்ரோட்டஃபெண்ட் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் அதன் முதல் முடிச்சை அவிழ்க்கும்வரை அந்தக் கல்வெட்டுகள் ஊமையாகவே நின்றன. அந்த நீண்ட இடைவெளியில் அக்கற்களுக்குப் பெயரும் பொருளும் தந்தது காவியம்தான்.

அருகிலுள்ள 'நக்ஷ்-எ-ருஸ்தம்' இன்னும் தெளிவான சான்று. செங்குத்தான பாறையில் குடையப்பட்ட நான்கு அரச கல்லறைகள். அவற்றுள் ஒன்று தாரியஸினுடையது. அவற்றின் கீழே பிற்காலச் சாசானிய மன்னர்களின் புடைப்புச் சிற்பங்கள். குதிரைமேல் அமர்ந்த முதலாம் ஷாபூர் ரோமப் பேரரசர்களை வென்றடக்கும் காட்சி அங்கேதான் உள்ளது. மக்களோ அந்த வீர உருவங்களில் தம் காவிய நாயகன் ருஸ்தமைக் கண்டார்கள். பெயரும் அப்படியே நிலைத்தது. பசர்கடேயில் உள்ள சைரஸின் கல்லறை நெடுங்காலம் 'சுலைமானின் தாயார் அடக்கத்தலம்' என்று வழங்கியது. அந்தப் புனிதப் பெயரே அதை இடிபடாமல் காத்தது என்பாரும் உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கவிஞர்களின் நினைவிடங்கள் பழமையானவை அல்லவே, அவற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஹாஃபிஸின் கல்லறைமீது நிற்கும் எண்தூண் மண்டபம் 1930களில் ஆந்த்ரே கொதார் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தது. தூஸ் நகரில் ஃபிர்தௌஸியின் நினைவிடம் 1934இல் திறக்கப்பட்டது. ரெஸா ஷாவின் அரசு தேசியப் பெருமிதத்தைக் கட்டியெழுப்பக் கவிஞர்களைப் பயன்படுத்திக்கொண்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் மகன் 1971இல் பெர்செபோலிஸில் கூடாரங்கள் அமைத்து, அயல்நாட்டுத் தலைவர்களை அழைத்து, 2500 ஆண்டு முடியாட்சி விழா எடுத்தார். எட்டு ஆண்டுகளில் முடியாட்சியே இல்லாமற் போயிற்று. அரசன் போனபின்னும் ஹாஃபிஸின் கல்லறைக்குக் கூட்டம் குறையவில்லை. அங்கே பழமையாக இருப்பது கட்டடம் அன்று, அங்கு வந்து நிற்கும் மனிதர்களின் மனப்பாடம்.

ஆகவே என் முதல் பரிந்துரை: ஷிராஸில் முதல் மாலையை ஹாஃபிஸுக்குக் கொடுங்கள். பகலில் போகாதீர்கள், விளக்கேற்றிய பின் செல்லுங்கள். பளிங்குப் பலகையில் விரல் வைத்து முணுமுணுப்பவர்களைக் காண்பீர்கள். அவருடைய 'திவா'னைக் கண்மூடித் திறந்து, வந்த கஸலில் தம் கேள்விக்கு விடை தேடுவது அவர்களின் வழக்கம். 1932இல் அங்கு சென்ற தாகூரும் அவ்வாறே நூலைத் திறந்து பார்த்தார். அவருடைய தந்தை தேவேந்திரநாதர் ஹாஃபிஸில் தோய்ந்தவர். 'திவான்' என்றால் நம் மாணவர்களுக்குச் சமஸ்தான அமைச்சர்தான் நினைவுக்கு வருவார். பாரசீகத்தில் ஒரு கவிஞரின் கவிதைத் தொகுதிக்கும் அதுவே பெயர். தர்பார், சர்க்கார், ஜமீன்தார், சிப்பாய் என அரண்மனை வாசல்வழியாகப் பாரசீகச் சொற்கள் பலவும் தமிழுக்குள் வந்தன. கவிதை வாசல்வழி வந்தவை குறைவு.

மறுநாள் சாஅதி. அவருடைய நினைவிடத்தில் படியிறங்கினால் நிலத்தடிக் கால்வாய் நீரில் மீன்கள் நீந்தும் குளம் ஒன்று உண்டு. வறண்ட நிலத்தின் அடியில் வெகுதூரம் நீரைக் கொண்டுசெல்லும் 'கனாத்' முறையை நேரில் உணர அது எளிய இடம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தக்த்-எ-ஜம்ஷித் செல்லலாம். இப்போது அது வேறாகத் தெரியும். அபதானா படிக்கட்டில் 23 நாட்டினர் காணிக்கை ஏந்தி வரும் சிற்ப வரிசையை நின்று நிதானமாகப் பாருங்கள். சிந்துவெளிப் பக்கத்து இந்தியர்கள் கழுதையோடு வருகிறார்கள். 1933இல் அங்கே கிடைத்த களிமண் ஏடுகளைப் பற்றியும் முன்கூட்டிப் படித்துச் செல்லவேண்டும். வேலையாட்களுக்கு அளந்த தானியத்தின் கணக்கு அவை. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கூடுதல் படி வழங்கியதும், ஆண் குழந்தையானால் அது இரு மடங்கானதும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. அரச கல்வெட்டு சொல்லாத பேரரசு அது.

நாட்கள் மிச்சமிருந்தால் இஸ்ஃபஹானைவிட வடகிழக்கே கொராசானுக்குச் செல்வதையே நான் சொல்வேன். 7ஆம் நூற்றாண்டில் அரேபியர் வென்ற எகிப்து காலப்போக்கில் அரபு மொழிக்கு மாறியது. ஈரான் எழுத்தை மாற்றிக்கொண்டதேயன்றி மொழியை விடவில்லை. அதில் 1010 அளவில் நிறைவுற்ற ஷாநாமாவுக்குப் பெரும்பங்கு உண்டு. கஜினி மஹ்மூதின் பரிசு ஊருக்குள் நுழைந்த வேளையில் ஃபிர்தௌஸியின் சடலம் வேறொரு வாயில்வழி வெளியேறியது என்பது செவிவழிக் கதை. வரலாறாக இல்லாவிட்டாலும், அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு தூஸில் நிற்பது வேறு அனுபவம். நிஷாப்பூரில் உமர் கய்யாம் இருக்கிறார். ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம்வழி கவிமணி நமக்குத் தந்த கய்யாம், தம் நாட்டில் நாட்காட்டி திருத்திய கணிதராகவும் வானியலாளராகவும் போற்றப்பட்டவர்.

நடைமுறைச் செய்திகள் சில. மார்ச் 20, 21ஐ ஒட்டிய நௌரூஸ் விடுமுறையில் ஈரானே பயணத்தில் இருக்கும். அந்த இரு வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல் நடுப்பகுதியில் ஷிராஸ் முழுதும் 'நாரெஞ்ச்' பூவின் மணம் (நம் நாரத்தையின் உறவுச்சொல் என்று சொல்லாய்வாளர் கருதுவது). பொருளாதாரத் தடைகளால் இந்திய வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. கடைக்காரர் பணம் வேண்டாம் என்றால் அது 'தஆரூஃப்' என்னும் உபசாரம். மீண்டும் மீண்டும் வற்புறுத்திக் கொடுத்துவிட வேண்டும். இந்தியர்க்கு 2024 பிப்ரவரியில் அளிக்கப்பட்ட விசா விலக்கு 2025 நவம்பரில் நிறுத்தப்பட்டது. வேலை ஆசை காட்டி அழைத்துச்சென்று ஆட்களைக் கடத்தியவர்கள் அதற்குக் காரணம். 2025 ஜூனில் 12 நாள் போரையும் அந்நாடு கண்டது. நம் வெளியுறவு அமைச்சின் அறிவுரையைப் பாராமல் எவரும் புறப்படவேண்டாம்.

போர்ச் செய்திகளில் ஒரு நாடு வரைபடமாகவும் இலக்குகளாகவும் சுருங்கிவிடுகிறது. ஹாஃபிஸை மனப்பாடமாகச் சொல்பவர்கள் வாழும் ஊர் என்று ஷிராஸை அறிந்தவர் அந்தச் செய்திகளை வேறுவிதமாகத்தான் வாசிப்பார். எனவே பயணம் தள்ளிப்போனாலும் வாசிப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஷாநாமாவின் நல்ல ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு ஒன்றோடு தொடங்கலாம். நண்பர்களில் எவரேனும் அங்கே சென்றுவந்திருந்தால் தூண்களின் உயரத்தை விட்டுவிட்டு, அங்கே யார் எந்தக் கவிதையைச் சொல்லக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். தமிழில் அத்தகைய பயணக்கட்டுரைகளே நமக்கு வேண்டும்.