ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்!

போன மாதம் ஈப்போவில் 180 வெள்ளிக்கு ஒரு வெப்கேம் வாங்கினேன். மூன்றாவது வாரமே படம் கறுத்துப்போனது. "கடை வாரண்டி ஏழு நாள்தான்" என்று கடைக்காரர் கையை விரித்தார்.

வீட்டில் பாட்டியிடம் புலம்பினேன். "தோட்டத்துக் கடையில கடனுக்கு வாங்குன அரிசியில புழு நெளிஞ்சாலும் நாங்க வாயத் திறந்ததில்ல. நீ காசு கொடுத்துத்தானய்யா வாங்கின?" என்றார். சுருக்கென்றது.

நமக்கு 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அட்டை அந்த உரிமையைப் பறிக்காது. கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ரசீதோடு திரும்பப் போய் இதை நிதானமாகச் சொன்னேன். புது வெப்கேம் கைக்கு வந்தது.

எனவே விலையைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: உள்நாட்டு வாரண்டி உண்டா? எத்தனை மாதம்? பழுதானால் எங்கே கொண்டுபோவது? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.