சிறைப் பார்வையாளர் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது?

நடிகர் சஞ்சய் தத் 2016 பிப்ரவரி 25 அன்று புணேயின் எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார். ஆயுதச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட ஐந்தாண்டுத் தண்டனையில் எட்டு மாதங்களுக்கு மேல் அவருக்குக் கழிவு கிடைத்திருந்தது. அடுத்த மாதமே எரவாடா சிறைக்கு ஓர் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போனது. அனுப்பியவர் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, தமிழ்நாட்டுச் சிறையில் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவுசெய்யும் நிலையில் இருந்த பேரறிவாளன்.

அவர் கேட்டதில் வம்பு எதுவும் இல்லை. சி.பி.ஐ. நடத்திய வழக்கில், மத்தியச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவரை முன்கூட்டியே விடும்போது மகாராஷ்டிர அரசு மத்திய அரசின் கருத்தைக் கேட்டதா என்பதுதான் கேள்வியின் சாரம். 2015 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இப்படிப்பட்ட வழக்குகளில் மத்திய அரசின் இசைவு வேண்டும் என்று ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் தொடர்பாகத் தீர்ப்பளித்திருந்தது. நமக்கு ஒரு விதி, நடிகருக்கு வேறொரு விதியா என்று தெரிந்துகொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ‘இது சிறை விதிகளின்படி நன்னடத்தைக்குக் கிடைக்கும் வழக்கமான கழிவு, அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை’ என்று பதில் வந்திருந்தால்கூட அது ஒரு பதில்தான். வந்ததோ வேறு. கேட்ட விவரம் மூன்றாம் நபரைப் பற்றியது, தர முடியாது என்று மேல்முறையீட்டில் கைவிரித்தார்கள். மகாராஷ்டிரத் தகவல் ஆணையத்திலும் வழி திறக்கவில்லை. 2020-ல் அவர் மும்பை உயர் நீதிமன்றப் படியேறினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அது வேறு வழியாக வந்த விடுதலை.

இந்த மறுப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கேள்வி ஒரு கைதியின் அந்தரங்கத்தைப் பற்றியதல்ல. ஓர் அரசு எந்த நடைமுறையைப் பின்பற்றியது என்பதைப் பற்றியது. ஆனால் மறுப்பு கைதியின் பெயரைப் பிடித்துக்கொண்டது. சிறை தொடர்பான ஆர்.டி.ஐ. மறுப்புகள் பல இந்த அச்சில் வார்த்தவைதான். கைதியின் அந்தரங்கத்தை முன்னால் நிறுத்தி, கண்காணிக்க வேண்டியவர்களின் கடமையைப் பின்னால் மறைப்பது. ஆகவே கைதியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, கண்காணிப்பவர்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவனை ஏதோ ஓர் அடிதடி வழக்கில் ரிமாண்டில் காஞ்சிபுரத்துக் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மனு போட்டுப் பார்க்கப் போகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சரியாகச் சாப்பிடுகிறானா, அடிபட்டிருக்கிறானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடிந்ததுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் சார்பில் உள்ளே போய்ப் பார்க்கச் சட்டம் வேறு ஆள்களை ஏற்படுத்தியிருக்கிறது. மாவட்ட ஆட்சியரும் மாவட்ட நீதிபதியும் பதவிவழிப் பார்வையாளர்கள். அவர்களோடு அலுவல்சாராப் பார்வையாளர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் சிறைக்குள் நேரில் போய்ப் பார்க்கும் அதிகாரம் உண்டு. 2006 திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை.

போனவர்கள் பார்த்ததை எழுதிவைத்தாக வேண்டும். 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் என்னென்ன ஏடுகளை வைத்திருக்க வேண்டும் என்று பட்டியலே போட்டது: உள்ளே வரும் கைதிகளின் பதிவேடு, யாருக்கு எப்போது விடுதலை என்ற ஏடு, தண்டனை ஏடு, பார்வையாளர் ஏடு, கைதிகளிடமிருந்து வாங்கிவைத்த பணம், பொருள்களின் கணக்கு. வெள்ளைக்காரன் கைதிகள்மேல் கருணை வைத்து இதைச் செய்யவில்லை. தன் அதிகாரிகளை அவன் நம்பவில்லை, அவ்வளவுதான். எப்படியானாலும் ‘அப்படியொரு ஆவணமே எங்களிடம் இல்லை’ என்ற பதிலை இந்தப் பட்டியல் முடக்கிவிடுகிறது. இல்லை என்றால் சட்டத்தை மீறியதை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது.

எழுதிவைத்துக் கணக்கு கேட்கும் பழக்கம் கூரத்துக்குப் புதிதல்ல. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, கொடையாகக் கொடுத்த ஊரை இருபத்தைந்து பங்காகப் பிரித்து, கோயிலுக்கு இத்தனை, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒன்று, பாரதம் வாசிப்பவருக்கு ஒன்று என்று செம்பில் வெட்டிவைத்தது. பாரதம் படிக்கவில்லை என்றால் அந்த ஒரு பங்கு எங்கே போனது என்று பின்னால் வருகிறவன் கேட்கலாம்.

சிறைப் பார்வையாளர் விஷயத்தில் அந்தக் கேள்வி எளிதாகக் கேட்கப்படுவதில்லை. 2017 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அலுவல்சாராப் பார்வையாளர்கள் உள்ள பார்வையாளர் குழுக்களை நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கும் ஒன்றை அமைக்கச் சொல்லி நாட்டின் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதிலேயே கதை தெரிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு காமன்வெல்த் மனித உரிமைகள் முன்முயற்சி அமைப்பு, நாடு முழுவதும் சிறைப் பார்வையாளர் முறை எப்படி நடக்கிறது என்று ஆர்.டி.ஐ. மனுக்கள் போட்டுத் தேடி, அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்டதை அறிக்கையாகவே வெளியிட்டிருந்தது.

கண்காணிப்பு காகிதத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. வேலூர் மத்தியச் சிறையில் ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை உயரதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தித் துன்புறுத்தியதாக எழுந்த புகாரில், 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால்தான் சி.பி.சி.ஐ.டி. வழக்கு பதிவானது. மதுரை மத்தியச் சிறையில் கைதிகளின் உழைப்பில் உருவான எழுதுபொருள்களின் கணக்கை வழக்கறிஞர் ஒருவர் ஆர்.டி.ஐ. வழியாகத் தோண்டினார். பல ஆண்டுகள் இழுத்த பிறகு, 2024 டிசம்பரில் லஞ்ச ஒழிப்புத் துறை 1.63 கோடி ரூபாய் முறைகேடு என்று வழக்கு பதிந்தது. குற்றச்சாட்டுகள் நிரூபணமாகின்றனவா என்பது நீதிமன்றத்தின் வேலை. என் கேள்வி வேறு: இத்தனை காலமும் அந்தச் சிறைகளின் பார்வையாளர் ஏட்டில் யார் என்ன எழுதியிருந்தார்கள்?

கேட்கும் விதத்தில்தான் பாதி வெற்றி. ‘கைதிகளின் நிலைமை பற்றிய முழு விவரம் தருக’ என்று எழுதினால், தொகுத்து வைத்திருக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இல்லாத ஆவணத்தை உருவாக்கித் தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை பார்வையாளர் ஏட்டுப் பக்கங்களின் நகல், குறிப்புகளின் மேல் கண்காணிப்பாளர் எடுத்த நடவடிக்கை, அலுவல்சாராப் பார்வையாளர்களை நியமித்த அரசாணை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நகலுக்குத் தயங்கினால் ஏட்டை நேரில் பார்வையிடவும் சட்டத்தில் உரிமை உண்டு.

பார்வையாளர் ஏட்டைத் தவிர, விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்றும் மாவட்டந்தோறும் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைவர். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலர் உறுப்பினர்கள். ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இல்லாமல் உள்ளே கிடக்கும் பையன்களின் கதி இந்தக் குழுவின் கூட்டக் குறிப்பில்தான் இருக்கும். நீதிமன்றத்தில் கேட்டால் உயர் நீதிமன்றத்தின் தனி ஆர்.டி.ஐ. விதிகள் குறுக்கே வரும். அதே கூட்டக் குறிப்பு ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்குமே, அங்கே கேளுங்கள்.

மறுப்புகள் இரண்டு மூன்று வகைதான். விசாரணை நடக்கிறது என்பார்கள். விசாரணை நடப்பது மட்டும் காரணமாகாது, தகவல் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் என்பவரின் வழக்கில் 2007-லேயே சொல்லிவிட்டது. பாதுகாப்பு என்பார்கள். காவல் பணி முறையோ கேமரா இருக்கும் இடமோ கேட்டால் அந்த மறுப்பு நியாயம்தான், நானும் தரமாட்டேன். ஆனால் ஒரு பக்கத்தில் நாலு வரி ரகசியம் என்றால் அந்த நாலு வரியைக் கறுப்படித்து மீதியைத் தர ஆர்.டி.ஐ. சட்டத்தின் 10-ஆம் பிரிவு இருக்கிறது. மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை கேட்டவர்மேல் இல்லை, மறுத்த அலுவலர்மேல்தான் என்பதை 19(5) தெளிவாகச் சொல்கிறது. மேல்முறையீட்டில் இந்த ஓர் உட்பிரிவைச் சரியாகப் பிடித்தால் போதும்.

அந்தரங்கம் என்ற மூன்றாவது வகைதான் இப்போது கெட்டிப்பட்டிருக்கிறது. முன்பு 8(1)(ஜே) என்று வழக்கறிஞர்கள் சொல்லும் பிரிவில், பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது தனிமையில் தேவையற்றுத் தலையிடும் தகவலுக்குத்தான் விலக்கு இருந்தது. நாடாளுமன்றத்துக்குத் தர மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற வாசகமும் கூடவே இருந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2025 நவம்பரில் இரண்டும் போய்விட்டன. இன்று ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கலாம். பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) மட்டும் மிச்சம். பார்வையாளர் ஏட்டில் கைதியின் பெயர் இருக்கிறதே என்று ஏட்டையே மறுக்கும் பதில்கள் இனி கூடும். அதற்கு முன்னெச்சரிக்கையாகப் பெயர்களை நீக்கித் தருமாறு மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. குறிப்பிட்ட கைதியின் மருத்துவப் பதிவுதான் வேண்டும் என்றால் அவரே கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் வாங்கி இணைக்கலாம். அந்தரங்கம் கைதியுடையது, அதை விட்டுக்கொடுக்கும் உரிமையும் அவருடையதுதானே. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அங்கும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. கோபத்தில் பலர் மேல்முறையீட்டை விட்டு 18-ஆம் பிரிவில் புகார் எழுதிவிடுகிறார்கள். புகாரில் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடலாமே தவிர, தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்த்துவிட்டது. ஏடு வேண்டும் என்றால் 19-ஆம் பிரிவுதான் வழி. ஆணையமும் கைவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட்.

உண்மையில் மக்கள் தோற்பது மறுப்பில் அல்ல, காத்திருப்பில். ஆணையம் எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவே இல்லை. ஆணையர் பதவிகளைக் காலியாக விடக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் காலியிடமும் தேக்கமும் ஓயவில்லை. தீர்ப்பு வருவதற்குள் ரிமாண்டில் போன பையன் வீடு திரும்பியிருப்பான், அம்மா வழக்கை மறந்திருப்பாள். பார்வையாளர் குறிப்புகளையும் மறுஆய்வுக் குழுக் கூட்டக் குறிப்புகளையும், பெயர்களை நீக்கி, காலாண்டுக்கு ஒருமுறை சிறைத்துறை தானே இணையத்தில் போட்டால் இந்த ஓட்டமே வேண்டாம். தானாக வெளியிடும் கடமை 4-ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை யார் கேட்பது? உள்ளே மகனை வைத்திருக்கும் அம்மா பயப்படுவாள். கேட்டதற்கான பழி அவன்மேல் விழுமோ என்று. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. சிறையில் யாரும் இல்லாதவர் கேட்பதே மேல். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அலுவலருக்கு உரிமை இல்லை, 6(2) அதைத் தடுக்கிறது. கேட்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். தகவல் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் அடைபட்டிருக்கும் இலங்கைத் தமிழர்கள் இந்தியக் குடிமக்கள் அல்லர். அதே ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த இலங்கைத் தமிழர் சாந்தன் வீட்டுக்குப் போகாமல் அந்த முகாமுக்குத்தான் போனார். 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். முகாமுக்குள் போய்ப் பார்த்தவர்கள் யார், எந்தத் தேதியில், என்ன எழுதினார்கள் என்று திருச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கூரத்திலிருந்தும் எழுதலாம்.